டெபியன் சிட்: ஒரே லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு வேண்டாம்

2024 மார்ச் தொடக்கத்தில் என் அக்கா மகளின் பழைய லேப்டாப்பை ரங்கூனில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டு வாங்கினோம். "எல்லாமே லேட்டஸ்ட்" என்றார் கடைக்காரர். அவர் போட்டது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 'சிட்' பதிப்பு; புதிய நிரல்கள் முதலில் வந்து சேரும், இன்னும் நிலைப்படாத பதிப்பு. லினக்ஸையே முதல்முறை தொடுகிற பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் ஓடியது. வேகத்திலோ தமிழ் தட்டச்சிலோ குறையே இல்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அப்டேட் கொடுத்தாள். நீக்கப்போகிறவை என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. லிப்ரே ஆபீஸ், டெஸ்க்டாப் எல்லாமே அதில் இருந்தன. அவள் படிக்காமல் 'ஒய்' (சரி என்பதற்கு) தட்டிவிட்டாள். பாதியில் கரண்ட் போனது. பேட்டரியும் பழசு, தாங்கவில்லை. "சித்தி, கறுப்பா வெறும் எழுத்துதான் வருது" என்று போன் செய்தாள். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு அவள் தட்டி வைத்திருந்த பாடங்கள் தப்பின. பென்டிரைவில் வேறொரு லினக்ஸை ஏற்றி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாதம் சிட் முழுக்கவே கட்டுமானத்தில் இருந்தது. 2038-க்குப் பிறகும் 32 பிட் கருவிகளில் தேதி பிசகாமல் இருக்க, நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துண்டுகளை) பெயர் மாற்றி மறுபடி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி மாறி, பாதி மாறாத நேரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அப்போது அப்டேட் கொடுத்தால், ஒத்துப்போகாததை எல்லாம் எடுத்துவிடட்டுமா என்று கேட்கும்.

இதைவிடப் பெரிய பயம் மார்ச் 29-ஆம் தேதி வந்தது. எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். சிட்டுக்குள் அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அப்போதைய நிலையான பதிப்பான டெபியன் 12-க்குள் வரவே இல்லை.

சிட்டை நான் குறை சொல்லவில்லை. யாராவது முதலில் ஓட்டிப் பார்த்தால்தான் மற்றவர்களுக்கு நல்லது வரும். ஓட்டுபவருக்கு இன்னொரு கணினியும், உடைந்ததைச் சரிசெய்யும் பழக்கமும் வேண்டும். நம் ஊர் கரண்டுக்கும் டேட்டா செலவுக்கும் நாள்தோறும் இத்தனை அப்டேட் கட்டுபடியாகாது.

கடையில் வாங்கும்போதே எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். நிரல்களை எங்கிருந்து இறக்குவது என்று குறித்திருக்கும் சோர்ஸஸ் லிஸ்ட் கோப்பில் 'சிட்' அல்லது 'அன்ஸ்டேபிள்' என்று இருந்தால் அதுதான். அங்கிருந்து பழைய பதிப்புக்கு இறங்க ஒழுங்கான வழி கிடையாது, மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

அவளுக்கு டெபியன் 12 போட்டுக் கொடுத்தேன். இப்போது கரண்ட் வந்த பிறகு, பட்டியலைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் 'ஒய்' தட்டுகிறாள்.