நயோபியத்தின் மேல் ஊசல் கான்டிலீவர்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஊசல் கான்டிலீவர், அதாவது கூரிய முனையுள்ள மெல்லிய சட்டத்தை ஊசல்போல் ஆடவிட்டு நுண்ணிய உராய்வை அளக்கும் கருவி, அருமையானது, ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. மென்மையான கான்டிலீவரை வழக்கம்போல் கிடையாக வைத்தால், பரப்பை நெருங்கியதும் ‘டப்’பென்று போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, தொடாமலே பக்கவாட்டில் ஆடவிடுகிறோம். அருகிலுள்ள பரப்பு அந்த ஆட்டத்தை எவ்வளவு தணிக்கிறதோ, அதுவே இங்கே உராய்வு. பாசல் பல்கலைக்கழகக் குழு 2011-இல் இந்த அமைப்பில்தான், நயோபியம் என்ற உலோகத்தின் படலம் குளிர்ந்து மீக்கடத்தியாக (மின்தடையே இல்லாததாக) மாறும்போது உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதைக் காட்டியது. கிடைக்கும் வித்தியாசமே மூன்று மடங்குதான். முனையில் தங்கிய கொஞ்சம் மின்னேற்றம் போதும், அதை விழுங்கிவிட.

ஆகவே ஆனீலிங்கில் (கான்டிலீவரைச் சூடாக்கிப் பதப்படுத்துவதில்) கஞ்சத்தனம் கூடாது. உயர் வெற்றிடத்தில் 700 டிகிரி செல்சியஸ், 12 மணி நேரம். ஈரமும் மின்னேற்றமும் போகும், கியூ மதிப்பும் (ஆட்டம் எவ்வளவு நீடிக்கும் என்பதன் அளவு) நன்றாக ஏறும். உலோகப் பூச்சுள்ள கான்டிலீவரை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

கியூ ஏறினால் காத்திருப்பும் ஏறும். விறைப்பு 0.03 நியூட்டன்/மீட்டர், அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ், கியூ 5 லட்சம் என்றால், கான்டிலீவரின் தன் தணிப்பு (பரப்பு அருகில் இல்லாதபோதும் இருப்பது) ஏறத்தாழ 2×10⁻¹² கி.கி./வினாடி. ஆட்டம் அடங்கும் காலம் 32 வினாடி. எந்த அமைப்பை மாற்றினாலும், ஆட்டம் நிலைப்பட இரண்டரை நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் வீச்சுக் கட்டுப்பாட்டின் (ஆட்டத்தின் அளவை நிலையாக வைக்கும் சுற்றின்) கெயினை, அதாவது பெருக்கத்தைக் கூட்டினால், தணிப்பு அளவீடே ஆட ஆரம்பிக்கும்.

அதிகம் ஏமாற்றுவது தொடுமின்னழுத்தம், அதாவது முனைக்கும் பரப்புக்கும் இடையே இயல்பாகவே இருக்கும் மின்னழுத்த வேறுபாடு. ஒரு வெப்பநிலையில் அதை ஈடுகட்டச் சரிசெய்த வோல்டேஜை அடுத்ததற்கும் அப்படியே வைத்தால், வளைகோடு அழகாகத்தான் வரும், பொய்யாக வரும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் வோல்டேஜை ஓட்டி, அதிர்வெண் பரவளைவின் உச்சியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். தூரமும் அப்படியே: முனையையும் பரப்பையும் நெருக்கி விலக்கும் பைசோவின் (மின்னழுத்தத்தால் நீளும் பொருளின்) உணர்திறன் வெப்பநிலையோடு மாறுகிறது.

குறைந்தது உராய்வுதானா என்று அறிய, அளவைவிட அடுக்கை (வோல்டேஜோடும் தூரத்தோடும் தணிப்பு எந்த அடுக்கில் மாறுகிறது என்பதை) நம்பலாம். சாதாரண நிலையில் தணிப்பு வோல்டேஜின் இருமடியாகவும் தூரத்துக்குத் தலைகீழாகவும் போகும். எலெக்ட்ரான்களின் வேலை அது. மீக்கடத்தியில் வோல்டேஜின் நான்காம் அடுக்கு, தூரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ். எஞ்சுவது ஃபோனான் உராய்வு, அதாவது அணுக்களின் அதிர்வால் வருவது. அடுக்கு மாறாமல் அளவு மட்டும் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

உராய்வின் சரிவு, நயோபியம் மீக்கடத்தியாகும் 9.2 கெல்வினில் தொடங்காமல் முன்பின் நகர்ந்தால், முதலில் வெப்பமானி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மாதிரி வைக்கும் மேடையில் இருக்கும், படலத்தில் இருக்காது. ஆட்டத்தைப் படிக்கும் லேசரும் கொஞ்சம் சூடாக்கும். படலத்திலேயே நான்குமுனை மின்தடையைக் கூடவே அளந்து, குளிரும்போதும் சூடாகும்போதும் எடுத்த வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பொருந்தாவிட்டால் வேகத்தைப் பாதியாக்குங்கள்.