சுங்கை சிப்புட்டில் பிரிட்டன் விசா ஆவணங்களைச் சரிபார்க்கும் கடை

பிரிட்டன் மருத்துவமனை ஒன்றில் தாதி வேலை கிடைத்த என் தங்கை, தனக்கும் கணவருக்கும் மகளுக்குமான விசா விண்ணப்பங்களை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பாசாருக்கு (சந்தைக்கு)ப் பின்வரிசையில் உள்ள சிறிய ஆவணக் கடையில் தயாரித்தாள். தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை நடத்துகிறார்.

கூலி பேசும் முன்பே, "மருத்துவமனை உங்களை வேலைக்கு எடுப்பதாகத் தந்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் முதல் மாதச் செலவை அதுவே ஏற்பதாகப் போட்டிருக்கிறதா, உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்தா, பாரம்மா" என்று கேட்டார். போட்டிருந்தால் வங்கி அறிக்கையே வேண்டாம். அவருக்குத்தான் வருமானம் குறையும். தங்கையின் சான்றிதழில் அது இல்லை. ஆகவே அவளுக்கு 1,270 பவுண்டு, கணவருக்கு 285, மகளுக்கு 315, ஆக 1,870 பவுண்டுக்கு ஈடான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருந்ததை அவள் காட்ட வேண்டியிருந்தது.

வங்கி அறிக்கையில் மீதித் தொகையின் மேல் அடிக்கோலை வைத்து வரிவரியாக இறங்கியவர், கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) கட்டியதால் மீதி குறைந்த நாளில் பென்சிலால் வட்டமிட்டார். மறுநாளே பணம் திரும்பியிருந்தாலும், ஒருநாள் குறைந்ததால் 28 நாளைப் புதிதாக எண்ண வேண்டும் என்றும், அந்த 28 நாளின் கடைசி நாள் விண்ணப்பத்துக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும் என்றும் விளக்கினார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பு இதில் சேராது. விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் ரிங்கிட்டை மதிப்பிடுவார்கள் என்பதால், சற்றுக் கூடுதலாகவே வைத்திருக்கச் சொன்னார். இந்தப் பொறுமைக்கு அவர் வாங்கிய கூலி தகும்.

மொழிபெயர்ப்பில் அதே கவனம் இல்லை. மலாயில் இருந்த பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியில் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் எதுவும் இல்லை. கேட்டபின் திருத்திக் கொடுத்தார்கள், கூடுதல் கட்டணமின்றி.

விசா கிடைத்தபின் கணவரின் வேலை உரிமையைக் காட்டும் பகிர்வுக் குறியீட்டை எடுத்துத் தருவதற்கும் கடையில் தனிக் கட்டணம் உண்டு. அது வீண் செலவு. பிரிட்டன் அரசின் இணையத்தளத்தில் அதை இலவசமாகவே எடுக்கலாம். 90 நாளில் காலாவதியாகும் குறியீட்டை, முதலாளி கேட்கும்போது அங்கிருந்தே எடுத்துப் பிறந்த தேதியோடு கொடுத்தால் போதும். வங்கி அறிக்கையைச் சரிபார்க்க இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள்.