கைப்பிடியைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது: துணிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து இரண்டரை வருடம்

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் கூடத்தில் இருக்கும் ஒற்றை சோஃபாவைப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்கினீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடப் பழசு, நானே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. சாய்மானத்தைத் தடவிப் பார்த்தார், பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "எங்க வீட்ல அரக்கு நிறத்துல பெரிய சோஃபா ஒண்ணு வெளுத்துப்போய்க் கிடக்கு. நானும் அடிச்சுடலாமா?" என்றார். "தாராளமா அடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கை வலது கைப்பிடியின் முனைக்குப் போய்விட்டது. கருநீலத்துக்கு அடியிலிருந்து பழைய சந்தன நிறம் அங்கே தெரிந்துகொண்டிருந்தது. "இல்ல, வேண்டாம்" என்று மாற்றிச் சொன்னேன்.

ஒரே மூச்சில் இரண்டு பதில் ஏன் வந்தது என்று அன்று அவருக்கு ஒழுங்காக விளக்க முடியவில்லை. இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சோஃபாவின் சட்டம் நல்ல மரம். ஸ்பிரிங் இன்றைக்கும் தளரவில்லை. துணியிலும் கிழிசல் எதுவும் இல்லை, ஜன்னல் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறிப்போய்விட்டது. இதற்காகத் துணி முழுவதையும் பிரித்து மாற்ற மனம் வரவில்லை. சாயத்தில் முக்கி எடுக்கவும் வழியில்லை. துணியைக் கழற்ற முடியாது என்பது ஒரு காரணம், அது பாலியஸ்டர் கலந்த துணி என்பது இன்னொன்று. பாலியஸ்டர் லேசில் சாயம் ஏற்காது. ஆலைகளில் அழுத்தக் கலனுக்குள் வைத்து 130 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றித்தான் அதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள். ஆக, மேலே எதையாவது பூசுவது ஒன்றுதான் மிச்சம்.

முதலில் ஒரு பழைய மெத்தை உறையில் சோதித்தேன். கையில் இருந்தது இரும்புக் கதவுக்கு அடித்து மிச்சமான சாதாரண ஸ்ப்ரே. அடித்ததும் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காய்ந்த பிறகு துணி தகரம் மாதிரி ஆகிவிட்டது. மடித்த இடமெல்லாம் கோடு கோடாக வெடித்தது. அந்தப் பெயிண்ட்டைக் குறை சொல்லக் கூடாது. 1949-ல் அமெரிக்காவில் எட் சீமோர் முதன்முதலாகப் பெயிண்ட்டை ஸ்ப்ரே கேனில் அடைத்ததே, ரேடியேட்டர்களுக்கான தன் அலுமினியப் பூச்சை வாடிக்கையாளர்களுக்குக் காட்டத்தான். வளையாத உலோகத்துக்காகப் பிறந்த பொருள் அது. துணிக்கு வேண்டியது துணிக்கென்றே விற்கும் ஸ்ப்ரே. அதில் நிறத்தைப் பிடித்து வைக்கிற பிசின் மென்மையானது, துணியோடு சேர்ந்து வளையும். அப்படி ஒன்றைத் தேடி வாங்கினேன்.

வேலையில் பாதி, கேனைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வேக்குவம் போட்டுத் தூசி எடுத்தேன், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன், இரண்டு நாள் காயவிட்டேன். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சொட்டு உள்ளே இறங்கினால் சரி. முத்து மாதிரி மேலேயே உருண்டு நின்றால் அந்தத் துணியில் கறை ஒட்டாமலிருக்க ஏதோ பூச்சு இருக்கிறது, பெயிண்ட்டும் அதில் சரியாகப் பிடிக்காது. இந்த ஒரு சொட்டுச் சோதனையை யாரும் தவிர்த்துவிடக் கூடாது.

அடிக்கும்போது எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கேனுக்கும் துணிக்கும் நடுவே 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி, விரலை அழுத்துவது சோஃபாவுக்கு வெளியே, எடுப்பதும் வெளியே. துணியின் மேலேயே ஆரம்பித்தால் அந்த இடத்தில் திட்டு விழும். ஒரே கோட்டில், அதாவது ஒரே தடவைப் பூச்சில், நிறம் வந்துவிட வேண்டும் என்கிற ஆசை மட்டும் கூடவே கூடாது. முதல் கோட்டுக்குப் பிறகு தூறல் பட்ட மண் மாதிரி புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் துணி ஊறி, காய்ந்ததும் மொடமொடவென்று ஆகிவிடும். நான் நான்கு மெல்லிய கோட் அடித்தேன். ஒவ்வொரு கோட்டும் அரை ஈரமாக இருக்கும்போதே மென்மையான பிரஷ்ஷால் இழைகளைத் தேய்த்துவிட்டேன். துணி இன்றைக்கும் துணி மாதிரி இருக்கிறதென்றால் அந்தப் பிரஷ்தான் காரணம் என்பது என் நம்பிக்கை.

பெயிண்ட்டைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் வகை, சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் மொட்டை மாடியில், அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில்தான் அடித்தேன். சாதாரணத் தூசி மாஸ்க் துகளைத் தடுக்குமே தவிர கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். முதல் நாள் அது இல்லாமல் அடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தலைவலியோடு கிடந்தேன்.

இனி, "அடிங்க" என்று ஏன் சொன்னேன் என்பது.

சாய்மானமும் பின்பக்கமும் இரண்டரை வருடம் கழித்தும் அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கின்றன. பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்று அதே பெயிண்ட்டை ஒரு துண்டுத் துணியில் அடித்து அலமாரிக்குள் போட்டு வைத்தேன். போன வாரம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஜன்னல் ஓரம் மட்டும் ஒரு துளி மங்கல், மற்றபடி வித்தியாசமே தெரியவில்லை. கருநீலத்துக்கு அடியில் பழைய துணியின் நெசவு அப்படியே தெரிகிறது. பெயிண்ட் அடித்த பொருள் என்ற எண்ணமே வராது. சாயங்காலம் சாய்ந்த வெளிச்சம் அதன் மேல் விழும்போது சும்மா பார்த்துக்கொண்டே நிற்பேன். வெளியே தூக்கிப் போட இருந்த பொருள் அது.

இருக்கையில் ஆரம்பத்திலிருந்தே விரிப்பு போட்டுவிட்டோம். அதனால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

கைப்பிடி மட்டும் தனிக் கதை. அதே கேன், அதே நாள், அதே துணி, அதே நான்கு கோட். ஐந்தாவது மாதம் மனைவி என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "என்னங்க, முழங்கைல இந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நனைத்த வெள்ளைத் துணியால் கைப்பிடியை இருபது தடவை தேய்த்தேன், வெளிர் நீலம் ஏறியது. காய்ந்த துணியால் தேய்த்தபோது ஒன்றும் வரவில்லை. அதாவது வியர்வைக் கை பட்டால்தான் சிக்கல். கைப்பிடி என்று ஒன்று இருப்பதே கை படத்தானே?

காரணத்தை யோசித்தால் ஒளிவு மறைவே இல்லை. சாயம் என்பது இழைக்குள் போய் உட்கார்வது. பெயிண்ட்டில் இருப்பது நிறத்துகள், அது இழைக்கு மேலே பிசினின் தயவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேய்த்தால் தேயும். தினமும் உள்ளங்கையின் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் பட்டால் பிசின் இளகும், இன்னும் சீக்கிரம் தேயும். எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க அந்த நான்கு விரல் அகல முனையில்தான் இறங்குகிறது. அங்கே முதலில் போவதில் ஆச்சரியம் இல்லை.

எனக்குக் கோபம் இதன் மேல் இல்லை, கேனின் மேல் இருக்கும் படத்தின் மேல். பளபளவென்று ஒரு சோஃபா, அதன் கைப்பிடியில் ஒருத்தர் சௌகரியமாகக் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கம், பூதக்கண்ணாடி வேண்டிய அளவு எழுத்தில், அதிகம் உராயும் இடங்களில் நிறம் தேயலாம் என்று ஒரு வரி. இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் அச்சடிக்க எப்படி மனம் வந்தது? ஒரு கேன் எவ்வளவு இடத்துக்கு வரும் என்று போட்டிருந்த கணக்கும் வழவழப்பான பரப்புக்குத்தான் பொருந்தும். என் துணி அதைப் போல இரண்டு மடங்கு குடித்தது. மூன்று கேன் போதும் என்று ஆரம்பித்து ஆறில் முடித்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சின்ன வரியை நான் முதலிலேயே படித்திருக்கலாம். சரி, படிக்கவில்லை. ஆனால் படத்தை வரைந்தவருக்கு அந்த வரி தெரிந்துதானே இருக்கும்?

கைப்பிடிக்கு மட்டும் இதுவரை நான்கு முறை மறுபடி அடித்துவிட்டேன். முதல் இரண்டு முறை தேய்ந்த இடத்தில் அப்படியே மேலே அடித்தேன். மூன்று நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒட்டிய பிசுக்கின் மேல் அடித்தால் பெயிண்ட் துணியைப் பிடிக்காது, பிசுக்கைத்தான் பிடிக்கும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. மூன்றாவது முறை சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் மேலாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடித்தேன். அது பதினொரு மாதம் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சின் கனம் ஏறுகிறது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே சாய்மானம் எங்கே முடிகிறது, கைப்பிடி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிகிறது. நிறமும் ஒரு மாற்று அடர்த்தியாகத் தெரிகிறது. இது என்னை உறுத்துவது போல வீட்டில் வேறு யாரையும் உறுத்துவதில்லை. அந்த சோஃபாவில் உட்கார்ந்தால் புத்தகத்தைவிடக் கைப்பிடியைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

"கைக்கு உறை தைத்துப் போட்டுவிடுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். சட்டையில் நீலம் ஒட்டுவது நின்றது, தேய்மானமும் நின்றது. ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். நிறம் வேண்டும் என்றுதானே இத்தனை பாடுபட்டேன், அதை மூடி வைப்பதற்கா?

மிச்சப் பெயிண்ட்டை ஒரு கேன்வாஸ் மடக்கு நாற்காலியின் முதுகுத் துணிக்கும், கால் வைக்கும் சின்ன ஸ்டூலின் பக்கங்களுக்கும் அடித்தேன். பருத்திக் கேன்வாஸ் பெயிண்ட்டைப் பிடித்துக்கொண்ட விதம் அருமை, சோஃபாத் துணியைவிட நன்றாகவே. இரண்டும் இன்றுவரை எந்தத் தொந்தரவும் தரவில்லை. அப்புறம், ஒவ்வொரு முறை முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்திவிட்டு வைத்தேன். அதனால் எட்டு மாதம் கழித்து எடுத்தபோதும் நாசில் அடைக்கவில்லை.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் அரக்கு நிறத்தை வெளிர் சாம்பலாக்க ஆசைப்படுகிறார். இந்த வகை ஸ்ப்ரே அடியில் இருக்கும் நிறத்தை மறைக்காது, அதன் மேல் ஏறி நிற்கும், அவ்வளவுதான். வெளிர் நிறத்தை அடர்த்தியாக்கலாம், அடர் நிறத்தை வெளிறச் செய்ய முடியாது. வற்புறுத்தி மறைத்தால் பூச்சு கனத்துத் துணி தகரமாகிவிடும். அவர் சோஃபாவில் மூன்று பேர் தினமும் உட்கார்கிறார்கள், இரண்டு கைப்பிடியும் சும்மா இருக்காது.

அதனால் என் பதில்: தினமும் புழங்கும் சோஃபாவுக்கு வேண்டாம். எனக்கு வாய்த்த சாய்மானத்தின் அழகைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்த அழகு உண்மைதான், நானே தினமும் பார்க்கிறேன். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்னொரு பழைய சோஃபா என் கைக்கு வந்தால் நான் அடிக்க மாட்டேன்.

நண்பர் கிளம்பிய மறுநாள் கைப்பிடிக்கு நான்காவது முறை அடித்தேன். துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் இழுத்து, இந்த முறை மூன்று கோட் மட்டும் அடித்து, நடுநடுவே பிரஷ் போட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டப்பாவில் போட்டிருந்த 24 மணி நேரத்துக்கு மேலேயே விட்டுவைத்திருக்கிறேன், இருந்தாலும் நாளைக் காலை வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.