ஆற்றுகாலா, மண்டைக்காடா?

மாசி பிறந்தாலே தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்துப் பெண்களிடம் இந்தக் கேள்வி எழும். திருவனந்தபுரத்து ஆற்றுகாலில் பெண்கள் பொங்கலிடும் விழா, கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் கொடை விழா. இரண்டும் பகவதி கோயில்கள், இரண்டிலும் பெண்களே முதன்மை. விடுப்போ ஒரு நாள்தான்.

செலவு: ஆற்றுகாலில் பொங்கலிடப் புதுப் பானை, செங்கல், காய்ந்த ஓலை, அரிசி, வெல்லம், தேங்காய் வேண்டும். மண்டைக்காட்டுக்கு பஸ் கட்டணமும் ஒரு மண்டையப்பக் காணிக்கையும் போதும். தலைவலி தீர வேண்டிக்கொள்பவர்கள் படைப்பது அது.

கூட்டம்: 2009இல் ஆற்றுகாலில் 25 லட்சம் பெண்கள் கூடியது கின்னஸில் பதிவானது. மண்டைக்காட்டில் கொடை விழாவின் பத்து நாளும் கூட்டம் பரவி வருவதால் மூச்சு விட இடமுண்டு.

அனுபவம்தான் உண்மையான வேறுபாடு. ஆற்றுகாலில் அம்மனைக் கண்ணகியாகவே வணங்குகிறார்கள். கோயிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறித் தெருத்தெருவாகப் பரவும். முன்பின் தெரியாத பெண் தன் தீயை உங்களுக்குத் தருவாள். மதுரையை எரித்தவளின் நெருப்பு இங்கே சோறாக்குகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

மண்டைக்காட்டில் அம்மன் புற்றாக வளர்ந்து நிற்கிறாள். பெண்கள் இருமுடி சுமந்து வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்ற பெயர். கடைசி இரவில், விழாவை முடித்துவைக்கும் ஒடுக்கு பூஜையில் அத்தனை கூட்டமும் பேச்சடங்கி நிற்கும்.

முழங்கால் வலி உள்ள அம்மாவையோ கைக்குழந்தையையோ அழைத்துச் செல்பவர்கள் மண்டைக்காட்டுக்குப் போகலாம், பக்கத்திலேயே கடற்கரையும் இருக்கிறது. வெயிலும் புகையும் தாங்குவீர்கள் என்றால், வாழ்வில் ஒருமுறையாவது ஆற்றுகாலில் பொங்கலிடுங்கள். முந்தைய நாளே போய் அடுப்புக்கு இடம் பிடித்துவிடுங்கள்.