ஈர்ப்பு அலைத் திறந்த தரவு: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

அமெரிக்காவில் உள்ள லைகோ ஈர்ப்பு அலைக் கருவிகளின் குழுவினர் 2016 பிப்ரவரியில் முதல் ஈர்ப்பு அலையை (பெரும் நிறைகள் மோதி இணையும்போது காலவெளியில் எழும் சிற்றலையை) அறிவித்தபோதே, அதன் தரவையும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டனர். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலுக்கு மாற்றாக முன்வைக்கப்படும் ஈர்ப்புக் கோட்பாடுகள் தேறுமா என்று பார்ப்பதற்காகவே அன்று முதல் அத்தரவைப் பயன்படுத்தி வருகிறேன்.

தொடங்குவது எளிது. வினாடிக்கு 4096 மாதிரிகள் கொண்ட 32 வினாடிக் கோப்பைச் சாதாரண மடிக்கணினியே கையாளும். ஆனால் கருவியின் இரைச்சலைச் சரியாக மதிப்பிட அது போதாது; 4096 வினாடிக் கோப்பையே எடுக்க வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

எனக்கு மிகுந்த நிறைவளித்தது 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வு. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் (பெருவிண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருக்கள்) இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலை வந்து 1.7 வினாடியில் காமா கதிரும் வந்து சேர்ந்தது. இரண்டின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு சில பங்குக்குள் ஒன்றே என்று இதிலிருந்து தெரிந்ததால், பிரபஞ்சம் வேகமெடுத்து விரியக் காரணமாகக் கருதப்படும் கரும் ஆற்றலை விளக்க எழுந்து, ஈர்ப்பு அலைக்கு வேறு வேகம் கூறிய பல கோட்பாடுகள் ஒரே நாளில் வீழ்ந்தன. இத்தனை எளிய கணக்கு இத்தனை கோட்பாடுகளைக் கழித்துக்கட்டியதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

அதே நிகழ்வுதான் என்னை எச்சரிக்கவும் செய்தது. இணைவுக்கு ஏறத்தாழ 1.1 வினாடி முன்பு லைகோவின் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் ஆகிய இரு கருவிகளுள் லிவிங்ஸ்டனில் பலத்த இரைச்சல் வெடிப்பு ஒன்று பதிவாகியிருந்தது. அதை நீக்கிய கோப்பு தனியாகக் கிடைத்தும், கவனிக்காமல் மூலக் கோப்பையே பயன்படுத்தி, சார்பியலிலிருந்து விலகல் தெரிவதாக இரண்டு நாள்கள் நம்பியிருந்தேன். அதன்பின், விலகல் எதைக் கண்டாலும் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் தரவுகளைத் தனித்தனியே ஓட்டிப் பார்க்காமல் மேலே செல்வதில்லை.

குறை தரவில் இல்லை. ஒப்பிட வேண்டிய கோட்பாடுகளிடம் இருக்கிறது. கருந்துளைகள் மோதி இணையும் கட்டத்துக்கான முழு அலைவடிவத்தை மிகச் சில மாற்றுக் கோட்பாடுகளே கணித்துத் தந்துள்ளன. ஆகவே, இயற்பியலாளர்கள் கே. ஜி. அருண், பாலா ஐயர், பி. எஸ். சத்யபிரகாஷ் உள்ளிட்டோர் 2006இல் முன்மொழிந்த வழியில், சார்பியல் தரும் அலைக்கட்டக் கெழுக்களை (அலையின் ஏற்ற இறக்கம் எப்படி முன்னேறுகிறது என்பதை நிர்ணயிக்கும் எண்களை) சற்றே மாற்றி, தரவு அம்மாற்றத்தை ஏற்கிறதா என்று பார்க்கிறேன். விலகல் உண்டா என்பதற்கு இதில் விடை கிடைக்கும். எந்தக் கோட்பாட்டால் வந்த விலகல் என்பதற்குக் கிடைக்காது.

2025 ஜனவரி 14 நிகழ்வின் குறிகை, முதல் நிகழ்வினதைப் போல் மூன்று மடங்கு தெளிவானது. இணைவுக்குப் பின் கருந்துளை அதிர்ந்து அடங்கும் பகுதியை இப்போது அதில்தான் சோதித்து வருகிறேன். இதுவரை சார்பியலை மீறும் தடயம் எதுவும் என் கணக்கில் தென்படவில்லை.