ஏழு வருஷமா ஒரே டெஸ்க்டாப், மாசத்துக்கு ஒரே அப்டேட்

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்களுக்கு மல்லிகை நாற்றுத் தோட்டம். வெளியூர் ஆர்டர், பார்சல் முகவரி, வரவேண்டிய பாக்கி எல்லாம் வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரே எக்செல் ஃபைலில் கிடக்கிறது. 2018 கடைசியில் வாங்கிய கணினி, விண்டோஸ் 10 ஹோம். கேபிள் இணையம் கிடையாது. போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. இதை வைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை எப்படிச் சமாளிக்கிறேன் என்பதுதான் கதை. ஃபைபர் இணைப்பும் இன்வெர்ட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதல் வருஷம் எந்த செட்டிங்கையும் தொடவில்லை. ஒருநாள் காலையில் பார்சல் வண்டி வாசலில் நிற்கிறது. லேபிள் பிரிண்ட் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், பல நாளாக 'அப்புறம்', 'அப்புறம்' என்று நான் தள்ளிக்கொண்டே வந்த அப்டேட் நீலத்திரையில் 30 சதவீதத்தில் நிற்கிறது. "என்னடா இது, காத்தடிச்சா பாம்பன் பாலத்துக்கு முன்னாடி ரயில் நிக்கிற மாதிரி நிக்குது?" என்றார் அம்மா. டிரைவர் அண்ணன் இரண்டு டீ குடித்து முடித்தார். அதே 30. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது, மாற்றாதது என் சோம்பல். கரண்ட் வந்ததும் ஆன் செய்தால், போட்டதையெல்லாம் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தது. அன்றைய முகவரிகளை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பார்த்து மார்க்கர் பேனாவால் அட்டையில் எழுதினேன்.

அந்தக் கோபத்தில் சர்வீசஸ் பட்டியலுக்குள் போய் விண்டோஸ் அப்டேட்டையே டிஸேபிள் செய்தேன். சில நாளில் எட்டிப்பார்த்தால் அது மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்டேட்டைக் காவல் காக்கவே மெடிக் சர்வீஸ் என்று இன்னொன்று உள்ளே இருக்கிறது, நாம் உடைத்ததை அது சரிசெய்துவிடும். சரி, விண்டோஸின் உள்விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரில் போய் அடக்கலாம் என்றால் ஹோம் எடிஷனில் அந்தக் கதவே கிடையாது, ப்ரோவில்தான் உண்டு.

ராமநாதபுரத்தில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். "தம்பி, நிறுத்தாதீங்க. நாள் குறிச்சுப் போடுங்க" என்றார். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸின் கதையை அவர்தான் சொன்னார். அது உலகத்தைச் சுற்றியது 2017 மே 12இல். அதற்கான ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14இலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அதற்காக வந்த அன்றே போடவும் எனக்கு மனசில்லை. விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் பதிப்பில் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபைல்களே அழிந்துபோய், அதன் விநியோகத்தையே நிறுத்திவைத்தார்கள். என் எக்செல் ஃபைல் இருப்பதும் அதே ஃபோல்டரில்தான்.

2019 மே பதிப்பில் ஹோமுக்கும், அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் 'பாஸ்' (Pause) வசதி வந்தது. ஒருமுறை தட்டினால் ஏழு நாள், மொத்தம் 35 நாள் வரை தள்ளலாம். 35 முடிந்தால் இருப்பதைப் போட்ட பிறகுதான் மறுபடி தள்ள விடும். எனக்கு இது நியாயமாகவே பட்டது. எங்கள் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். என் கணினியிலும் அப்படித்தான், அப்டேட்டுக்கு ஒரு நாள், மிச்சமெல்லாம் எனக்கு.

மாதாந்திர அப்டேட் வருவது இரண்டாம் செவ்வாய், நம் நேரத்துக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். பன்னிரண்டு நாளாவது பொறுப்பேன். அதற்குள் பிரச்சினை ஏதாவது இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். நாலாவது ஞாயிறு விடியற்காலை, அன்றைய டேட்டா முழுசாக இருக்கும்போது, எக்செல்லை முதலில் பென்டிரைவில் போட்டுவிட்டு, பாஸை எடுத்துவிட்டு இறக்குவேன். சில நூறு எம்பிதான் போகும். வைரஸ் தடுப்பின் அன்றாடப் பட்டியல் பாஸ் போட்டிருந்தாலும் வந்துகொண்டுதான் இருக்கும், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாத நேரத்தைக் குறிக்கும் ஆக்டிவ் அவர்ஸை 18 மணி நேரத்துக்கு மேல் வைக்க விடாது. காலை 5 முதல் இரவு 11 என்று வைத்திருக்கிறேன். அதைவிட எனக்கு அதிகம் உழைத்தது 'மீட்டர்டு கனெக்‌ஷன்'. இது அளவு டேட்டா இணைப்பு என்று கணினிக்குச் சொல்லும் செட்டிங் அது. வைஃபை பெயரைத் தட்டி, ப்ராப்பர்ட்டீஸில் போய் அதை ஆன் செய்தால், மிக அவசரமானதைத் தவிர எதையும் தானாக இறக்காது. ஆனால் நான் ஏமாந்த இடமும் இதுதான். இந்த செட்டிங் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. 2022இல் போன் மாற்றினேன், ஹாட்ஸ்பாட் பெயரும் மாறியது. கணினிக்கு அது புது நெட்வொர்க், மீட்டர்டு என்று யாரும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் 2 ஜிபியும் காலி. இப்போது எந்தப் போன் வாங்கினாலும் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்துவிடுகிறேன்.

அப்டேட்டை மற்ற கணினிகளோடு பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷனையும் அணைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பதே ஒன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிறு கல்யாணம் காட்சி என்று போய்விட்டால் கணக்குத் தப்பும். அப்படி 35 நாள் கடந்து மாட்டிய மாதங்கள் மூன்று நாலு இருக்கும். யூபிஎஸ் பேட்டரியை மட்டும் அதன்பிறகு சாகவிட்டதில்லை. பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்திருந்தால் முந்தைய நாள் அப்டேட்டைத் தொடவே மாட்டேன்.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது. என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 ஏற்காது. பழைய விண்டோஸுக்கே பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தரும் திட்டத்தில் பதிந்துவிட்டேன். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் செட்டிங்ஸைப் பேக்கப் செய்தால் அதற்குக் கட்டணம் இல்லை. 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதுவரை உப்புக்காற்று இந்த போர்டை விட்டுவைக்க வேண்டும். போன மாதம்தான் ரேமைக் கழற்றி, பச்சை பிடித்திருந்த பின்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன்.