விமானக் குழாய் என்று சொல்லி ஜன்னல் குழாயை விற்கிறார்கள்: சிறு விமானம் கட்டுபவர்கள் கவனிக்கவும்

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். உப்புவெளியில் ஃபைபர் வள்ளங்கள் செய்து திருத்தும் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கக் கொட்டிலில் மூன்று வருடமாக ஒரு விமானம் கட்டி வருகிறேன். ஒருவர் மட்டும் ஏறலாம். அலுமினியக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி. ஆளும் எரிபொருளும் சேர்ந்து மொத்த எடை 260 கிலோ. போன ஆவணியில் அதன் இரண்டு இறக்கைகளும் மணல் மூட்டைகளின் கீழ் வளைந்துவிட்டன. ஆகாயத்தில் வளைந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இலங்கையில் இந்த வேலையில் இறங்கியிருப்பவர்கள் மிகக் கொஞ்சப் பேர். அதில் இன்னொருவர் எனக்குக் குழாய் விற்ற ஆளிடம் மாட்டக்கூடாது என்பதற்காக நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

இறக்கையின் முழுப் பாரத்தையும் தாங்குவது ஸ்பார் எனப்படும் நீளக் குழாய். என் வரைபடத்தில் அதற்கு 6061-டி6 என்ற உறுதியான கலப்பு அலுமினியம் வேண்டும். 2 அங்குல வெளிவிட்டம், அதாவது 50.8 மில்லிமீற்றர். வெளிநாட்டிலிருந்து நேரடியாக எடுப்பித்தால் குழாயின் விலையைவிட அதன் நீளத்துக்கான கப்பல் கூலிதான் கூட. அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒருவர் அறிமுகமானார். விமானச் சாமான் எல்லாம் எடுத்துத் தருவதாகவும், கட்டி முடித்த பிறகு சான்றிதழ் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். "அண்ணை, நீங்க கட்டுற வேலையை மட்டும் பாருங்க, பேப்பர் வேலை என்ர பொறுப்பு" என்றார். குழாய், தகடு, போல்ட் எல்லாம் சேர்த்து 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபா. பாதி முன்பணம், மீதி சாமான் லொறியில் வந்து இறங்கியபோது கொடுத்தேன். குழாயோடு ஒரு உருக்காலைச் சான்றிதழின் பிரதியும் வந்தது. அதில் 6061-டி6 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சுவரில் மாட்டினேன்.

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்கள் மூன்று இருந்தன.

ஸ்ட்ரட், அதாவது இறக்கையை விமானத்தின் உடலோடு இணைக்கும் சாய்வுத் தாங்கி, வந்து பூட்டும் இடத்தில் ஸ்பாரைச் சுற்றி ஒரு பட்டி வரும். அதை 50.8 அளவுக்கு லேத்தில் கடைந்து வைத்திருந்தேன். குழாயில் ஏற்றினால் இறுக்கமாக, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் போக வேண்டும். அது தானாக வழுக்கிக்கொண்டு போனது. வேர்னியரை வைத்துப் பார்த்தேன்: 50.0. போன் எடுத்தேன். "அது உற்பத்தியில வாற சின்ன வித்தியாசம் அண்ணை, மெல்லிய தகடு ஒன்று சுத்திப் போடுங்க" என்றார். தகடு வெட்டிச் சுற்றினேன். 0.8 மில்லிமீற்றர் உற்பத்தி வித்தியாசம் கிடையாது. 2 அங்குலக் குழாய் கேட்டவனுக்கு 50 மில்லிமீற்றர்க் குழாய் வந்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். சான்றிதழில் 2 அங்குலம், கையில் 50 மில்லி. சான்றிதழ் வேறு குழாயினுடையது என்பது அந்த இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, குழாய்களின் மேல் எழுத்தே இல்லை. விமான வேலைக்கென வரும் குழாயில் உலோகத்தின் இலக்கம், பதம், அளவு எல்லாம் நீளத்துக்கும் மையால் வரிசையாக அச்சிட்டிருக்கும். "மெருகு போட்டதில அழிஞ்சிருக்கும்" என்றார். சான்றிதழில் தொகுதி இலக்கம், அதாவது ஒரே தடவையில் உருக்கிய உலோகத்துக்குக் கொடுக்கும் இலக்கம், எழுதும் கட்டத்திலும் பிரதி எடுத்ததில் கறுப்பாக ஒரு கறை. தொகுதி இலக்கம் உலோகத்திலும் இல்லை, காகிதத்திலும் இல்லை என்றால் அந்தக் காகிதத்தை எந்தக் குழாயோடும் சேர்த்து விற்கலாம்.

மூன்றாவது போல்ட். விமானங்களுக்கென்றே செய்யும் ஏஎன் வகை உருக்குப் போல்ட்டின் தலையில் சிலுவைக் குறி இருக்கும். எனக்கு வந்தவற்றில் பாதியின் தலையில் 8.8 என்று இருந்தது. அது நல்ல போல்ட்தான், லொறிக்கும் வள்ளத்துக்கும். ஆனால் அதில் புரி தலைவரைக்கும் ஓடுகிறது. ஏஎன் போல்ட்டில் துளைக்குள் நிற்கும் பகுதி புரியில்லாமல் மழமழவென்று இருக்கும். பாரத்தை அந்த மழமழப்புத்தான் தாங்கும். புரி துளைக்குள் நின்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அது ஓர் அரம் மாதிரித் துளையைத் தின்னும். இதைக் கேட்டபோது மட்டும் "மாற்றித் தாறன்" என்று சொன்னார். மாற்றித் தரவில்லை.

இவ்வளவும் கண்டும் நான் வேலையை நிறுத்தவில்லை. காசு போய்விட்டது, குழாய் வந்துவிட்டது, மாரிக்கு முன் இறக்கையை முடிக்க வேண்டும் என்ற அவசரம். என்னைக் காப்பாற்றியவர் சீனக்குடாவில் பல வருடம் விமானங்களின் சட்டகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. பின்னேரங்களில் கொட்டிலுக்கு வந்து பார்ப்பார். துணி போர்க்கப் போகிறேன் என்று சொன்னதும், "தம்பி, துணியைப் பிறகு பாப்பம். முதல்ல மூட்டையை ஏத்திப் பாப்பம்" என்றார்.

பாரச் சோதனை எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் யாரும் பறக்கக் கூடாது. செய்வதற்கு ஆய்வுகூடமும் தேவையில்லை.

பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளும். அதனால் சட்டகத்தைக் குப்புறக் கவிழ்த்து, இரும்புத் தாங்கியில் கட்டி, இறக்கையின் அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க வைத்து, அதன் மேல் மூட்டை அடுக்குகிறோம். என் விமானம் புவியீர்ப்பின் 4 மடங்குக்கு வரையப்பட்டது. 260 கிலோவில் இரண்டு இறக்கைகளின் எடை 40. அது போக மீதி 220. அதை 4 ஆல் பெருக்கினால் 880, ஓர் இறக்கைக்கு 440. கவிழ்ந்து கிடக்கும் இறக்கையின் சொந்த எடை 20 கிலோவும் கீழ்நோக்கியே இழுக்கிறது. அதைக் கழித்தால் ஒவ்வோர் இறக்கையிலும் 420 கிலோ மணல். இது எல்லைப் பாரம். இதை ஏற்றி இறக்கினால் இறக்கை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், ஒரு மில்லிகூட வளைந்து நிற்கக் கூடாது. இதற்கு மேல் உச்சப் பாரம் என்று ஒன்று இருக்கிறது, எல்லைப் பாரத்தின் ஒன்றரை மடங்கு. அதை 3 செக்கன் உடையாமல் தாங்க வேண்டும். பறக்கப் போகும் இறக்கையில் பெரும்பாலானோர் எல்லைப் பாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். உச்சப் பாரம் சோதனைக்கென்றே செய்த வேறு இறக்கைக்கு.

கிண்ணியாப் பக்கத்து ஆற்று மணலைக் காயவைத்துச் சாக்கில் கட்டி, மீன் வாடியில் நிறுக்கும் தராசைக் கடன் வாங்கி, ஒவ்வொன்றையும் 10 கிலோவுக்குச் சரியாக நிறுத்தோம். மாரியில் செய்பவர்கள் சோதனை நாளன்று காலையில் திரும்பவும் நிறுக்க வேண்டும். ஈரம் குடித்த மணல் கணக்கை மாற்றிவிடும். உடலோடு சேரும் பக்கத்தில் கூடவும் நுனியில் குறையவும், பின் ஸ்பாரைவிட முன் ஸ்பாரின் பக்கம் கூடுதலாகவும் பலகை போட்டு அடுக்கினோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சட்டகமே சரிந்துவிடும். நுனிகளுக்குக் கீழே மேசையும் பழைய டயரும். ஒவ்வொரு நுனிக்குப் பக்கத்திலும் மில்லிமீற்றர்ப் பட்டி ஒட்டிய ஒரு தடி.

100 கிலோ ஏற்றி இறக்கினோம், திரும்பியது. 200, அதாவது 2 மடங்கு. அதுவும் திரும்பியது. 300க்குப் போனோம். கடைசி மூட்டையை அக்காவின் மகன் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். உடைகிற சத்தம் ஒன்றும் வரவில்லை. தகரப் பேணியை விரலால் அமுக்கினால் வருமே, அப்படி ஒரு சின்னச் சத்தம். ஐயா கையை உயர்த்தி "காணும், இறக்குங்கோ" என்றார். எல்லா மூட்டையையும் இறக்கிய பிறகு தடியைப் பார்த்தோம். இடது நுனி 34 மில்லிமீற்றர் கீழே நின்றது, வலது 29. ஸ்ட்ரட் பட்டிக்கு ஒரு சாண் வெளியே, குழாயின் அமுங்கிய பக்கத்தில் நகத்தால் கீறியது மாதிரி ஒரு சுருக்கம். விரலை வைத்தால் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு கொட்டிலில் ஒருவரும் பேசவில்லை.

300 கிலோ என்றால் 2.9 மடங்கு. 60 பாகை சாய்த்து ஒரு திருப்பம் எடுத்தாலே 2 மடங்கு வந்துவிடும். கச்சான் காற்றில் ஒரு குலுக்கல் அதோடு சேர்ந்தால் 2.9 ஒன்றும் தூரமில்லை.

குழாயில் ஒரு துண்டை வெட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கடினம் பார்த்தேன். 6061-டி6 என்றால் பிரினெல் அளவில் 95க்குக் கிட்ட வர வேண்டும். வந்தது 62. அது 6063-டி5இனுடைய கடினம். ஜன்னல், கதவுச் சட்டங்களுக்குப் பயன்படுத்தும் அலுமினியம். 6061-டி6 திரும்பாமல் வளைந்து நிற்கத் தொடங்கும் தகைப்பு ஏறத்தாழ 276 மெகாபாஸ்கல், 6063-டி5க்கு 145. பாதிதான். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 6063 இன்னும் மினுக்கமாகவே இருக்கும்.

ஆளுக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தப் பதிவை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். "ஏன் அண்ணை மூட்டை ஏத்தினீங்க? லோட் டெஸ்ட் ரிப்போர்ட் நான் தாறன் எண்டு சொன்னனே" என்றார். அடுத்த நாள் வட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார். என் இறக்கை 6 மடங்கு தாங்கியதாக ஒரு பக்கம், கீழே பொறியியலாளர் என்று ஒரு கையொப்பம், அதற்கு 1 லட்சம் ரூபா கட்டணம். சோதனை நடந்ததாகப் போட்டிருந்த திகதியில் என் இறக்கைக்கு விலா எலும்புகள் எனப்படும் குறுக்குச் சட்டங்களே பூட்டியிருக்கவில்லை. அந்தத் தாளை நம்பி யாராவது ஒரு பிள்ளை ஏறியிருந்தால்?

சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்ற வாக்கும் பொய்தான். சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் எக்ஸ்பெரிமென்டல் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னார். அது அந்த நாட்டில் பதிந்த விமானத்துக்கு மட்டும் கொடுப்பது. வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவரே செய்திருக்க வேண்டும், அதைப் படங்களோடும் குறிப்புகளோடும் காட்ட வேண்டும். இலங்கையில் பதிந்த விமானத்துக்குரிய 4ஆர் அடையாளத்தோடு பறக்க வேண்டுமென்றால் கட்டுநாயக்கவில் இருக்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம்தான் போக வேண்டும். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தை அவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. நடுவில் ஒரு தரகருக்கு அங்கே வேலையில்லை. முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதி, என்னென்ன பார்ப்பார்கள் என்று கேளுங்கள். நான் மூன்று வருடம் பிந்தி எழுதினேன். திருகோணமலைக்காரருக்கு இன்னொன்று: சீனக்குடா விமானப்படைத் தளம். அனுமதியில்லாமல் இங்கே எதையும் மேலே எழுப்ப நினைக்க வேண்டாம்.

இப்போது புதுக் குழாயை உற்பத்தியாளரின் முகவரிடமே எடுப்பிக்கிறேன். கப்பல் கூலி வலிக்கிறது, இருக்கட்டும். வரும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சாண் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். அந்தத் துண்டை வெட்டிக் கடினம் பார்த்த பிறகுதான் மீதியில் துளை போடுவேன். காசைத் திருப்பிக் கேட்டுச் சட்டத்தரணி மூலம் கடிதம் போயிருக்கிறது, பொலிஸிலும் முறைப்பாடு போட்டிருக்கிறேன். இன்றுவரை ஒரு ரூபாவும் வரவில்லை.

வழக்குப் போகக்கூடும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஆள் இன்னமும் வட்ஸ்அப் குழுக்களில் விமானக் குழாய் விற்கிறார். போன கிழமை மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி தனக்கு வந்த சான்றிதழின் படத்தை எனக்கு அனுப்பினார். தொகுதி இலக்கக் கட்டத்தில் அதே கறுப்புக் கறை. வலது மூலையில் என் பிரதியில் இருக்கும் அதே மடிப்புக் கோடு. அவருக்குச் சொல்லியிருந்தது 3 அங்குலக் குழாய், தாளில் இருப்பது 2 அங்குலம். முன்பணம் கட்டாமல் தப்பிவிட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு தாள் வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், என்னுடையதோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.